நகக்கண்ணில் பெயிண்ட்

"சீட்டுக்கட்டை எங்க வெச்ச?" என்று கேட்டுக்கொண்டே ஒராஸ் அடுக்களைக்குள் தலையை நீட்டினார்.

கம்ஷாத் மாவு ஒட்டிய கையோடு திரும்பினாள். முற்றத்துக் கொட்டகையில் நான்கு கார் சக்கரங்கள் முந்தின நாளிலிருந்து கிடந்தன. சாலையில் கொட்டும் உப்பு தின்று, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்துபோன சக்கரங்கள். டயரைக் கழற்றாமலே ஸ்பிரே அடிப்பார் ஒராஸ். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே சீட்டுகளை வட்டமாகச் செருகிவிட்டால் ரப்பரில் ஒரு பொட்டு படாது.

"ராஜா ராணியெல்லாம் போன வருஷமே வெள்ளி பூசிக்கிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க அலமாரி மேல," என்றாள். "கனம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"எங்க தூக்கறேன்? உருட்டத்தானே செய்யறேன்."

"அது உங்க நெஞ்சுக்குத் தெரியுமா?"

"ரேடியோவுல நாளைக்குப் பனி விழும்ங்கறான். குளிர்ல பெயிண்ட் நிக்காது, இருபது டிகிரி சூடு வேணும். அண்ணன் வெளியூர் போகணுமாம்."

"உங்க அண்ணனுக்கு ரெண்டு கடை. கடை நிறைய ஆளு. இந்தக் கரகண்டா ஊர்ல பெயிண்ட் அடிக்க ஒரு பட்டறை கிடைக்கலையா அவருக்கு?"

"என் தம்பி கை மாதிரி வராதுங்கறாரு."

அதைச் சொல்கையில் அவர் முகத்தில் படர்ந்த பூரிப்பைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இதே பேச்சு, இதே பூரிப்பு. மார்கழிக் குளிர்போலத் தவறாமல் டிரைவர் கையில் சக்கரங்கள் வந்துவிடும். மூத்தவர் மட்டும் வரமாட்டார்.

கொஞ்ச நேரம் டப்பாவைக் குலுக்கும் கடகடச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒராஸ் டீ குடிக்க உள்ளே வந்தார். விரல் நுனியெல்லாம் வெள்ளி. "பால் இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றார். அவள் பாலெடுக்கத் திரும்பினாள். பாலோடு திரும்பியபோது அவர் சுவரில் சாய்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு அவரை அதில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூத்தவர் நின்றார். "ஓய் பவ்ரிம்! என் கூடப்பிறந்தவனே!" என்று அலறியபடி வந்த ஆண்களை ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கம்ஷாத்தின் வாய் மட்டும் திறக்கவில்லை.

"பாடுடி," என்று முதுகில் இடித்தாள் ரைஸா. மூத்தவரின் மனைவி. "பொண்டாட்டி பாடாம வேற யாரு பாடுவா? ஊர் என்ன பேசும்?"

"எனக்குப் பாட்டு வரல அக்கா. வேற என்னவோ வருது."

கூடாரத்திலிருந்து முல்லா வெளியே வந்து வீட்டு வாசலில் நின்றார். "ஏம்மா, அவர் நகத்துல பெயிண்ட் இருக்கு. சோப்புப் போட்டுப் பார்த்தோம், போகல. நகத்துல தண்ணி படலேன்னா குளிப்பாட்டினது நிறையாது. கரைக்க ஏதாவது இருக்கா?"

கம்ஷாத் எழுந்தாள். தொட்டிக்கு அடியிலிருந்து தின்னர் பாட்டிலை எடுத்தாள். குளிப்பாட்டுகிறவர்களில் ஒருவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. முற்றத்தைக் கடந்து நேரே வெளிவாசலுக்கு நடந்தாள்.

"எங்கடி போற? ஆம்பளைங்க நிக்கற இடத்துக்கு!" என்று பின்னாலேயே ஓடிவந்தாள் ரைஸா.

வாசலில் மூத்தவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "எத்தனை தடவ சொல்லியிருப்பேன், உடம்பைப் பாத்துக்கோடா, சும்மா இருடான்னு. கேட்டாத்தானே? கை சும்மா இருக்காது அவனுக்கு."

கெலினாக, அதாவது மருமகளாக வந்த நாளில், மூத்தவரின் பெயர் தன் வாயில் வரக்கூடாதென்று எல்லா மருமகள்களையும் போல அவளும் அவருக்கு ஒரு பெயர் வைத்தாள். மிர்ஸா ஆகா. வாரிக் கொடுக்கும் அண்ணன் என்று அர்த்தம். மாமியார் அன்று நெற்றியில் முத்தமிட்டாள். அவருடைய நிஜப் பெயரின் முன்பாதி, ஒருவரை நலம் விசாரிக்கும் சொல். தெருவில் யாரைப் பார்த்தாலும் "அமன்பா?" என்று ஊரே கேட்கும். அவள் மட்டும் அந்தச் சொல்லைத் தவிர்த்து வேறெப்படியோ கேட்டு முப்பது வருடம் ஓட்டியிருந்தாள்.

"அமன்தாய்!" என்றாள் கம்ஷாத்.

அலறிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றார். ரைஸா அதிர்ந்துபோய்த் தன் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க சக்கரத்துப் பெயிண்ட், உங்க தம்பி நகத்துல ஒட்டியிருக்கு. போகமாட்டேங்குதாம். வந்து தேயுங்க."

மூத்தவரின் முகம் முதலில் சிவந்தது. "என்ன பேச்சும்மா இது? துக்க வீடு. ஜனம் பாக்குது."

"பாக்கட்டும். சும்மா இருடான்னு சொன்னீங்களா? எப்ப சொன்னீங்க, சக்கரத்தை இறக்கிவிட்டப்பவா? டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பினீங்களா?"

"கெலின், வாயை அடக்கு…"

"தம்பி கை மாதிரி வராதுன்னீங்களே. இந்த வேலைக்கு உங்க கை மாதிரி வராது. இந்தாங்க."

அவள் கை நீட்டியபடியே இருந்தது. இதை வேறு யாராவது வாங்கிவிட்டால், ஒராஸ் தானாகவே ஏதோ வேலை செய்து தானாகவே செத்தார் என்று ஆகிவிடும். ஊர் அப்படியே பேசிப் பழகிவிடும். அது நடக்க விடமாட்டாள்.

முல்லா தொண்டையைச் செருமினார். "கூடப்பிறந்தவர் குளிப்பாட்டறது நல்லதுதான். முறையும் இருக்கு."

மூத்தவர் சுற்றிலும் பார்த்தார். கைத்தடியை வேலியில் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு குனிந்து கூடாரத்துக்குள் போனார்.

கம்ஷாத் கம்பளிச் சுவருக்கு வெளியே நின்றாள். துணி தேய்க்கும் சத்தம் கேட்டது. நிற்கும்; மறுபடி தொடங்கும்.

"போதும் ஆகா, போயிடுச்சு," என்றது ஒரு குரல்.

"எங்கடா போச்சு? கட்டைவிரல்ல இருக்கு பாரு. நகக்கண்ணுல இருக்கு." மூத்தவரின் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "விடு. நானே பண்றேன்."

வெளியே வந்தவர் அவளைப் பார்க்கவில்லை. மறுபடி வாசலில் போய் நின்றார். கட்டிக்கொள்ள வந்தவர்கள் தின்னர் நெடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொன்னேன், கேட்கவில்லை என்ற பேச்சை அவர் அதற்குமேல் யாரிடமும் எடுக்கவில்லை. அவளுக்குக் கோபம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. மூத்தவர் மீது இருந்தது. அவர் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பூரித்துப்போய்ச் சக்கரம் உருட்டிய மனுஷன் மீது அதைவிட அதிகமாக இருந்தது.

ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டிலேயே நின்றார்கள். பனி விழத் தொடங்கியது. கார்கள் போன தடத்தைச் சீக்கிரமே மூடிவிட்டது.

கம்ஷாத் கொட்டகைக்கு நடந்தாள். நான்கு சக்கரங்களையும் தெருவில் உருட்டிவிட வேண்டும். கூட்டம் திரும்பி வரும்போது நடுத்தெருவில் கிடக்க வேண்டும். கதவை உதைத்தே திறந்தாள்.

சூடான காற்று முகத்தில் அடித்தது. பெயிண்ட் காய்வதற்காக ஒராஸ் மூலையில் மின்சார ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. கம்பி சிவந்து எரிந்துகொண்டிருந்தது. அவள் தலைத்துணியில் இருந்த பனி கரைந்து கழுத்தில் இறங்கியது.

குனிந்து பார்த்தாள். ஹீட்டரின் திருகு இருபது டிகிரியில் நின்றது.