பேராசிரியர் சொன்ன வார்த்தை

சுதந்திரம் வந்த மறு வருஷம், இருபத்தொரு வயசானவர்களுக்கெல்லாம் ஓட்டு என்று ஊர் ஊராகப் பட்டியல் எழுதினார்கள். அரியலூருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒரு ஊர் லீலா மேரி டீச்சர் பங்குக்கு வந்தது. வரதராசன்பேட்டைக்காரி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷமாக வேலை.

மூன்றாம் நாளே மணியக்காரர் ராசாங்கம் குறுக்கே நின்றார். எழுத்தறியாத கல் வெட்டும் சனங்களின் பெயரை எழுத வேண்டாமாம். பேராசிரியர் பாலசுந்தரமே சொல்லிவிட்டாராம்.

கல்லாய்ப் போன நத்தைகளைப் பார்த்து, இந்த மண் ஒரு காலத்தில் கடலாய்க் கிடந்தது என்று எழுதிச் சீமை வரைக்கும் பேர் வாங்கியவர் பாலசுந்தரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கையில் ஓட்டைக் கொடுப்பது நாட்டுக்குக் கேடு என்று அரியலூர்க் கூட்டத்தில் பேசியிருந்தார்.

"கோடி வருஷக் கணக்குச் சொல்ற மனுசன். அவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சாம்மா?" என்றார் மணியக்காரர்.

பத்திரிகையில் வந்த பேராசிரியர் படத்தை வெட்டி வகுப்பில் ஒட்டியவளே லீலா மேரிதான். ஆனால் அவருக்கு நத்தைக்கல் கிடக்கும் ஓடையைக் காட்டிக் கொடுத்தவள் கல் வெட்டும் வீராயி. அதையும் டீச்சர் அறிவாள். மறுநாள் காலை பஸ் ஏறி, அரியலூரில் பேராசிரியர் தங்கியிருந்த பங்களாவுக்கே போய்விட்டாள்.

வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "ஒரு கல்லோட வயசச் சொல்ல எத்தனை கல்லு பாத்தீங்க சார்?"

ஆயிரக்கணக்கில் பார்த்ததாகச் சொன்னார்.

"படிக்காதவங்களப் பத்திச் சொன்னீங்களே, அதுக்கு எத்தனை பேரப் பாத்தீங்க?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் எரிச்சல் தெரிந்தது. "அப்படி யாரையும் ஆராயல. அது என் அபிப்பிராயம். இப்பவும் அதுதான்" என்றார்.

"இருக்கட்டும் சார். அதச் சொல்ல ஒங்களுக்கு ஒரு ஓட்டு இருக்கு. வீராயிக்கும் ஒண்ணு இருக்கு."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

அன்று மத்தியானமே கல்குழிக்கு இறங்கினாள். கொளஞ்சியப்பன் பெண்சாதி என்று போட்டுக்கொள்ளச் சொன்னாள் வீராயி. அது செல்லாது, ஒன் பேரை ஒன் வாயாலயே சொல்லு என்று நின்றாள் டீச்சர். வீராயியோடு சேர்த்து ஐம்பத்திரண்டு பேரை எழுதினாள். மணியக்காரர் கையெழுத்துப் போட மறுத்தார். அவள் மன்றாடவில்லை. பேராசிரியர் பேரைச் சொல்லி அவர் மறுத்த சங்கதியையும் பட்டியலின் அடியில் எழுதி, தாலுக்கா ஆபீசுக்குத் தானே கொண்டுபோனாள்.

அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை படித்தார். பேராசிரியர் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எல்லாருக்கும் இருபத்தொன்று நிறைந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

"நிறைஞ்சிடுச்சுங்க."

அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.