வைரத்தோடும் வாத்தியார் பதிலியும்

இன்ஸ்பெக்டர் முத்துசுப்பிரமணியனுக்குத் தொப்பை உண்டு. அவருடைய பதிலிக்குக் கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, தொண்ணூற்றேழில் இலாகா கொடுத்த அந்தக் காக்கி இயந்திரத்தை அவர் மனமார நேசித்தார். அம்பாசமுத்திரத்து வீட்டில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அவர் சாய்வு நாற்காலியில் கிடப்பார். அவர் அங்கிருந்தே ஓட்ட, பதிலி ஆற்றுப்பாலம் தாண்டிப் போய்த் திருடர்களைத் துரத்தும். பிடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அன்று வெள்ளிக்கிழமை. காக்கிப் பதிலி கல்லிடைக்குறிச்சியில் கோமு மாமி வீட்டுக் கூடத்தில் நின்றது. பக்கத்தில் இன்னொரு பதிலி, தலையைக் குனிந்தபடி. அது தேவசிகாமணி வாத்தியாருடையது. இடுப்புக்குக் கீழே செயலிழந்து அம்பாசமுத்திரத்தில் படுக்கையில் இருக்கும் அந்த மனிதர், பதிலியை பஸ்ஸில் அனுப்பி அந்தத் தெருவில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு லக்கேஜ் டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கண்டக்டர் தினமும் சண்டை பிடிப்பார்.

"இதேதான்!" என்றாள் கோமு மாமி. "நேத்திக்கு மத்தியானம் முனையில பிள்ளையார் முன்னாடி நின்னு ணங் ணங்னு குட்டிண்டுது. அப்புறம் வாயே திறக்காம நேரா உள்ள வந்து, அலமாரியத் திறந்து என் வைரத்தோட்ட எடுத்துண்டு போயிடுத்து. டியூஷனுக்கு ஏதோ புஸ்தகம் எடுக்கறதாக்கும்னு நான் பாட்டுக்கு அப்பளம் இட்டுண்டிருந்தேன்!"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். சாட்சி பலம். தெருவில் நாலு பேர் இதையே சொன்னார்கள்.

"சத்தியமா நான் இல்ல தம்பி," என்றது வாத்தியார் பதிலி, கரகரத்த குரலில். "நேத்து இது தாஜ் முகம்மது கடையில சார்ஜுல கெடந்தது. நான் மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன்."

"எல்லாரும் தூங்கத்தான் சார் செய்யுதாங்க."

"நாளைக்குக் காலையில என் மக ஜெமிமாவுக்குக் கல்யாணம். கோயில்ல அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். தாயில்லாப் பிள்ளை. அதுக்குத்தான் ஆறு மாசமா இந்தக் கழுதைய நேரா நடக்கப் பழக்குனேன். நாளைக்கு மட்டும் விட்டிருங்க. அப்புறம் உருக்கி ஆணி செஞ்சாலும் சரி."

முத்துசுப்பிரமணியனுக்கும் விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் சட்டம் கறார். குற்றம் செய்த பதிலிக்கு உடனே சீல் வைத்து, வண்டியில் ஏற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் பூட்ட வேண்டும். காலையில் வந்த வேகத்தில், முதல் வேலையாக அதன் மார்பில் அரக்கு முத்திரையும் குத்திவிட்டார். வாழ்க்கையில் அவர் சுறுசுறுப்பாகச் செய்த ஒரே காரியம்.

"வண்டி வரைக்கும் நானே நடந்து வாரேன்," என்றார் வாத்தியார்.

இரண்டு பதிலிகளும் தெருவில் நடந்தன. முனையில் பிள்ளையார். காக்கிப் பதிலி வழக்கம்போல நின்று தலையில் குட்டிக்கொண்டது. ணங். ணங். வாத்தியார் பதிலியோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி மரியாதையாக ஒதுங்கி நின்றது.

"என்ன சார், நீங்க குட்டிக்கிடலையா?"

"நானா? நான் கிறிஸ்தவன்லா தம்பி."

மூன்றாவது குட்டுக்கு ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. காலையிலிருந்து ஐந்து பேர் சொன்னதைத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டிருக்கிறார். தானும் தினம் செய்கிற காரியம் என்பதால், காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை. நேற்று இந்தப் பதிலியை ஓட்டியவன் வேறு ஆள்! 'முத்துசுப்பிரமணியா, உனக்கெல்லாம் எவன்லே ஸ்டார் குத்தினான்?' என்று சாய்வு நாற்காலியில் தன்னையே திட்டிக்கொண்டார்.

காக்கிப் பதிலி தாஜ் முகம்மது கடைக்கு ஓடியது. எஸ்.டி.டி. பூத் மாதிரியே கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, தலைக்கவசம். சொந்தப் பதிலி ஓட்ட வசதியில்லாதவர்கள் இங்கே உட்கார்ந்து வாடகைப் பதிலியை ஓட்டுவார்கள்.

"அண்ணாச்சி, நேத்து மத்தியானம் இதுல யாரு உக்காந்தா?"

"நம்ம சுந்தர்ராமன்தான், கோமு மாமி தம்பி மவன். பம்பாயில ஏதோ வேலை, பதிலிய வச்சே நேர்காணல்னான். நான் சாப்பிடப் போயிருந்தேன்." தாஜ் முகம்மதுவின் முகம் வெளுத்தது. "யா அல்லா! வாத்தியார் பதிலியும் இதே ஒயர்லதானே கெடந்துச்சு! வாடகைப் பதிலிக்குப் பதிலா அதை ஓட்டிட்டானோ!"

சுந்தர்ராமன் ரயில்வே ஸ்டேஷனில், பெட்டியும் தோடுமாக அகப்பட்டான்.

"திருடப் போறவன் எதுக்குலே பிள்ளையார்கிட்ட நின்ன?"

"பயமா இருந்தது சார்," என்று அழுதான் அவன். "பரீட்சைக்குப் போனாலே குட்டிண்டுதான் போவேன்."

வழக்கு முடிந்தது, வம்பு முடியவில்லை. குத்திய முத்திரையைக் கோர்ட்தான் உடைக்க முடியும். கோர்ட் திங்கட்கிழமைதான் திறக்கும். அதுவரை வாத்தியார் பதிலி போலீஸ் ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாது. இன்ஸ்பெக்டர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, சொந்தக் காலில் வாத்தியார் வீட்டுக்கு நடந்தார். மூச்சு வாங்கியது.

"சார், நாளைக்கு ஒரு நாள் என் பதிலிய நீங்க ஓட்டுங்க. டி.எஸ்.பி. கேட்டா ரோந்துன்னு சொல்லிக்கிடுதேன்."

வாத்தியார், "காக்கியிலயா?" என்றார்.

"மாலை போட்டா தெரியாது சார்."

நன்றாகவே தெரிந்தது. மறுநாள் போலீஸ் பதிலி மணப்பெண்ணோடு கோயிலுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக எழுந்து நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை ஹெப்ரானுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அப்பா, நீங்கதானா?" என்று ஜெமிமா கிசுகிசுத்தாள்.

"நான்தான்ம்மா. பைய நட. இந்தச் சனியன் மிதமிஞ்சி விறைக்குது."

இரும்புக் கை அவள் கையை ஹெப்ரானின் கையில் வைத்தது. வைத்த பிறகும் விடாமல் சற்று நேரம் அப்படியே இருந்தது. பதிலிகளுக்குக் கண்ணீர் விடும் வசதி கிடையாது. கடைசி பெஞ்சில் அந்த வேலையை இன்ஸ்பெக்டர் முத்துசுப்பிரமணியன் நேரில் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.