இரண்டு பாத்தி

1

“கார்டுதான் இருக்கே, அப்புறம் என்னடி பயம்?”

“கார்டு இருக்குக்கா. கொல்லைதான் இல்ல.”

இந்தக் கதை இங்கிருந்துதான் கிடைத்தது. முருங்கைக்காய் பொறுக்கக் குனிந்திருந்தேன். என் தலைக்கு மேலே பேச்சு போனது. கேட்டவர் முருங்கைக்காய் விற்ற ஹபீபுன்னிசா. பதில் சொன்னவர் பக்கத்தில் கத்தரிக்காய் விற்ற பிரகதாம்பாள். ஆட்சி மாறி, பாழடைந்து கிடந்த உழவர் சந்தைக்கு மறுபடி பெயின்ட் அடித்திருந்த வருஷம். மாசி மாதம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வசந்தத்தின் முதல் காலை. கூரைகளில் பனி உருகி…’

(அடித்துவிட்டேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் சந்தைகள் அப்படித்தான் விடிகின்றன. இந்தச் சந்தை இருக்கிற குத்தாலம் பக்கம் மாசியில் ஆறு வற்றி மணல் தெரியும். அவ்வளவுதான்.)

3

உழவர் சந்தையில் விளைவிப்பவர்தான் விற்கலாம். அதற்குத்தான் கார்டு. பிரகதாம்பாள் பயிர் வைத்தது குத்தகைக் கொல்லையில். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். போன வாரம் கொல்லைக்காரரின் மகன் சுற்றிலும் கம்பிவேலி போட்டு, இனி வராதே என்றுவிட்டார். செடியெல்லாம் காய்ப்பில் இருந்தது.

அவர் கையெல்லாம் கீறல். கத்தரி முள்ளா என்று கேட்டேன்.

“முள்ளா? வேலிக்கு வெளியே நின்னு கைய விட்டுப் பறிச்சேன் தம்பி. நான் வச்ச செடியில நானே திருடிட்டு வந்திருக்கேன்.”

“திருட்டுக் காய்தானே, வெலையக் கொறைச்சுப் போடு,” என்றார் ஹபீபுன்னிசா.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்…

நாளைக்குச் சந்தை அதிகாரி கொல்லை பார்க்க வருகிறாராம். பயிரைக் காட்டாவிட்டால் கார்டும் போகும், இந்தக் கடையும் போகும்.

4

ஒரு முடிவு: கொல்லைக்காரரின் மகன் மனமிரங்கி வேலியைப் பிரிக்கிறார். (அவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காதவரை எப்படி இரங்க வைப்பது?)

இன்னொன்று: அதிகாரி வரவில்லை. (அடுத்த வாரம் வருவார்.)

மூன்றாவதை நான் எழுதவில்லை, காதால் கேட்டேன். கூட்டம் கலைந்ததும் பிரகதாம்பாள் தராசை ஓரமாக வைத்தார்.

“அக்கா, உங்க கொல்லையில ரெண்டு பாத்தி கத்தரி நிக்குதுல்ல?”

“நிக்குது. அதுக்கு?”

(அடுத்து பிரகதாம்பாள் கேட்டதைக் கடைசி வரிக்கு வைத்திருக்கிறேன்.) பொய் என்று தெரிந்தால் ஹபீபுன்னிசாவின் கார்டும் போய்விடும். அவர் முருங்கைக் கட்டை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அவர் வாயில் ஒரு ‘சரி’யை வைக்க எனக்கு அரை நிமிஷம் ஆகாது. அதனாலேயே வைக்கவில்லை. உங்களுக்கு அவரைத் தெரிந்திருந்தால் நீங்கள் எழுதுங்கள்.

“நாளைக்கு ஒருநாள் மட்டும் அது என்னோடதுன்னு சொல்றீங்களாக்கா?”