கம்பியில் போன எட்டுப் பேர்

டோரீனுக்குப் பதினாறு வயது. மலைத் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அருள்சாமியின் ஒரே மகள். ஜப்பான்காரன் வந்த வருஷமே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மிச்சப் படிப்பைப் பூட்டிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் இரும்புச் சாமான்களைக் கழற்றிக் கழற்றித்தான் படித்தாள். கூட்டாளி கந்தன். பதினெட்டு வயது, முன்பு அங்கே எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன்.

வெள்ளைக்காரப் பட்டாளம் பின்வாங்கும்போது ஆற்றுப் பாலத்தைத் தகர்த்துவிட்டிருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் மரவள்ளி போட்டிருந்ததோ அக்கரைச் சரிவில். பள்ளத்தில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, மூட்டையோடு ஏறிவர அரை நாள் ஆகும். ஒருமுறை வெள்ளம் நாலு நாள் வடியாமல் லயமே பட்டினி கிடந்தது. அப்போதுதான் இருவரும் பள்ளத்துக்கு மேலே கம்பி கட்ட முடிவு செய்தார்கள்.

பழைய இரும்பு வடம், தொழிற்சாலையில் கழற்றிய இரண்டு கப்பி, பிரம்பில் பின்னிய பெரிய கூடை. இக்கரை மேடு, அக்கரை தாழ்வு. கூடை தானாகவே இறங்கிப் போகும். கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம். முதல் நாள் அவர்கள் வைத்துவிட்ட பாறாங்கல் போன வேகத்தில் அக்கரை மரத்தில் மோதி இரண்டாய்ப் பிளந்தது.

"ஆள ஏத்தியிருந்தா?" என்றான் கந்தன்.

டோரீன் மூன்று நாள் வேறு எதையும் நினைக்கவில்லை. பிறகு கூடையின் கயிற்றை ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பார்த்தாள். ஒரு சுற்றுக்குக் கயிறு பிய்த்துக்கொண்டு ஓடியது. மூன்று சுற்றுக்கு அசையவே மறுத்தது. இரண்டு சுற்றில், அவள் ஒருத்தியே ஒரு மூட்டைக் கல்லை மெல்ல மெல்ல இறக்கினாள். கயிறு சூடேறிக் கருகாமலிருக்கக் கட்டைக்கு ஈரச் சாக்கு. அன்றிலிருந்து கிழங்கு கூடையில் வந்தது. ஆளை மட்டும் ஏற்றக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வடம் பழசு.

நாற்பத்து மூன்றாம் வருஷம், ஒரு காலை, கொழுந்து பறிக்கும் மணியம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"லோரி வருது! ஜப்பான்காரன் சயாம் காட்டுல ரயில் பாதை போட ஆள் புடிக்கிறானுங்களாம். எட்டுப் பேரு லிஸ்டு, நம்ம கந்தனும் இருக்கான். கீழ ரிங்லெட் டவுனத் தாண்டிட்டானுங்க, அரை மணி நேரந்தான்!"

ரோட்டுப் பக்கம் ஓட முடியாது. ஆறு கரைபுரண்டு ஓடியது. சேதி கேட்டு ஓடிவந்த எட்டுப் பேரும் கூடையைப் பார்த்தார்கள். கந்தன் டோரீனைப் பார்த்தான்.

ஒரு ஆள் இறங்க ஒரு நிமிஷம், கூடை திரும்ப மூன்று நிமிஷம். எட்டுப் பேருக்கு அரை மணி முழுசாக வேண்டும். வடம் தாங்குமா என்று யோசிக்க நேரமில்லை.

"ரெண்டரைச் சுத்து போடு," என்றாள். "ஒல்லியா இருக்கறவங்க மொதல்ல!"

எட்டுப் பேரில் ஆக ஒல்லியான சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு கூடைக்குள் குந்தினான். கூடை ஆடி ஆடி வெள்ளத்துக்கு மேலே போய் அக்கரையில் தொப்பென்று உட்கார்ந்தது. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். ஐந்தாமவன் நடுவில் தொங்கும்போது வடத்தின் ஒரு புரி படீரென்று அறுந்து சுருண்டது. கூடை குலுங்கியது. டோரீன் கயிற்றை விடவில்லை.

"இன்னும் அஞ்சு புரி இருக்கு," என்றாள். அது பக்கத்தில் நின்ற கந்தனுக்குச் சொன்னதா தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏழாமவன் இறங்கியபோது மலை வளைவில் லோரியின் உறுமல் கேட்டது. சாக்கை நனைக்க வைத்திருந்த வாளித் தண்ணீர் தீர்ந்திருந்தது.

"நான் போமாட்டேன். நீ ஒத்தையா எப்படிப் புடிப்ப?" என்றான் கந்தன்.

"ஏறுலா! பேசற நேரமா இது?"

அவன் ஏறினான். காய்ந்த சாக்கு புகைந்தது. பாதி வழியில் கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. பல்லைக் கடித்து, இடுப்பைக் கட்டையில் முட்டுக்கொடுத்து இழுத்துப் பிடித்தாள். அக்கரையில் அவன் குதித்ததைப் பார்த்ததும் சுத்தியலை எடுத்தாள். கம்பி நின்றால் போன வழியைக் காட்டிக் கொடுத்துவிடும். வடத்தைப் பிடித்திருந்த ஆணியில் நாலு அடி. தான் கட்டிய வடம் பாம்புபோல நெளிந்து வெள்ளத்துக்குள் விழுவதை ஒரு கணம் பார்த்துவிட்டு லயத்துக்கு ஓடினாள்.

லோரியில் வந்த சிப்பாய்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். எட்டுப் பெயருக்கும் பதில் இல்லை. ஜப்பான் அதிகாரி, லயத்து ஆட்களுக்குப் பொறுப்பான மாடசாமிக் கங்காணியை அறைந்தான். வரிசையில் கைக்கு அகப்பட்ட மூன்று பேரை லோரியில் ஏற்றச் சொன்னான். பிறகு டோரீனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான். உள்ளங்கை ரத்தமாக இருந்தது.

அருள்சாமி வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"கொதிக்கிற பானையத் தூக்கிட்டா, ஐயா. நான்தான் மருந்து போடணும்." மொழிபெயர்ப்பவன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார்: "நான் டிரஸ்ஸர். சயாம்ல காய்ச்சல் ஜாஸ்தியாமே. என்னக் கூட்டிட்டுப் போங்க."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். டோரீனின் கையை விட்டான்.

"அப்பா!"

"கைய நனைக்காத," என்று மட்டும் சொல்லிவிட்டு லோரியில் ஏறினார்.

திரிங்காப் பக்கத்துத் தோட்டங்களில் ஒளிந்திருந்த எட்டுப் பேரும் ஒன்பது நாள் கழித்து, வெள்ளம் வடிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். கந்தன் நேரே டோரீன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"எங்களால ஒங்கப்பா..."

"ஒங்கள அனுப்பினது நான்," என்றாள்.  பிறகு கேட்டாள்: "வடம் ஆத்துல எந்த எடத்துல கெடக்குன்னு பார்த்தியா?"

மறுநாள் எட்டுப் பேரும் சேர்ந்து வடத்தை இழுத்தார்கள். அறுந்த புரியை வெட்டி, மிச்சத்தைப் பின்னி, அவள் சொன்ன இடத்தில் கட்டினார்கள். லயத்தில் நாற்பது அடுப்புகள் கிழங்குக்காகக் காத்திருந்தன.

அருள்சாமியோடு லோரியில் போன மூன்று பேரில் இருவர் திரும்பவே இல்லை. அருள்சாமி நாற்பத்தாறாம் வருஷம் தை மாதம் வந்தார், எலும்பும் தோலுமாக. அடிவாரத் தாப்பாவிலிருந்து மலையேறி வந்த மனிதரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. டோரீன் மட்டும் தூரத்திலேயே கண்டுகொண்டு ஓடினாள்.