எளாவூரில் ஒரே ஒரு பந்து

லாரிகளின் வேகத்தைப் பிடிக்கும் துப்பாக்கியை ராபினின் மார்புக்கு நேரே நீட்டி, "நடங்க தம்பி" என்றார் ஹைவே ஏட்டு அரசப்பன். ராபின் நடந்தான். ஐந்து கிலோமீட்டர் என்று காட்டியது. மிஷின் நல்ல நிலையில் இருப்பதாக மைக்கில் அறிவித்தார்கள். இந்தியாவுக்கு ஆடியவன் நடந்ததற்கே எளாவூர் மைதானம் விசிலடித்தது.

இத்தனைக்கும் காரணம் அவனுடைய அப்பா ஜோசப். கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் ஃபர்னேஸ் முன்னால் நின்று பாதி ஆயுளைக் காய்ச்சியவர். கம்பெனிகளுக்கு இடையிலான டோர்னமென்ட் பரிசளிப்புக்கு மகனைக் கூட்டிவந்தவர், மாலை விழுந்த கையோடு மைக்கைப் பிடுங்கி, "எம்புள்ள இப்ப ஒரு பால் போட்டுக் காட்டுவான். எவ்ளோ வேகம்னு போலீஸே சொல்லும்" என்றுவிட்டார்.

ராபினின் வேகத்தைப் பற்றி அந்த வட்டாரத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பள்ளிக்கூடம் படிக்கும்போது அவன் பறக்கவிட்ட நடு ஸ்டம்ப், செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவில் போய் விழுந்தது. அதைத் திரும்ப எடுத்துவர அங்கிருந்த அதிகாரி பெர்மிட் கேட்டார். பெர்மிட் வரத் தாமதமானதால் அந்த சீசன் முழுக்க இரண்டு ஸ்டம்ப்பை வைத்தே ஆடினார்கள். தேர்வாய் கண்டிகையில் அவன் போட்ட பவுன்சருக்குக் குனிந்த ஒருவர் நிமிர்வதற்குள் கம்பெனியில் ஷிப்ட் மாறிவிட்டது. நேரில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்க்காதவர்கள்தான் யாரும் இல்லை.

போன வருடம் ராபினின் முதுகெலும்பில் விரிசல் விட்டது. ஆபரேஷன் செய்து ஸ்குரு போட்டார்கள். மில்லில் இதைக் கேட்டவர்கள் முதலில் விசாரித்தது, "எந்தக் கம்பெனி ஸ்டீலு?" என்றுதான். இரும்பு ஏறியதால் பிள்ளைக்கு வேகமும் ஏறியிருக்கும் என்று ஜோசப் கேன்டீனில் சொல்லிவந்தார். உண்மை ராபினுக்கும் சென்னையில் இருக்கும் அவன் கோச்சுக்கும் மட்டும் தெரியும். ஆஸ்திரேலியாவில் நூற்று நாற்பத்தெட்டில் போட்டவன், இப்போது முழு மூச்சாக ஓடிவந்தாலும் நூற்றிருபதைத் தொடவில்லை. "செலக்டருங்க வர்றதுக்குள்ள ஏத்திப்போம். அதுவரைக்கும் எந்த மிஷின் முன்னாடியும் நிக்காத" என்றிருந்தார் கோச். அடுத்த வாரம் செலக்‌ஷன். இங்கே மைதானத்தைச் சுற்றி ஆளுக்கொரு செல்போன் உயர்ந்திருந்தது.

"நைனா, வோணாம். முதுகு இன்னும் சரியாவல."

"ஒரே ஒரு பாலுடா. இம்மாம் பேரு வந்துகிறாங்க."

"நைனா..."

"பேஜாரு பண்ணாத ராபினு. எனக்கோசரம் போடு."

ஜோசப்பின் முகம் ஃபர்னேஸ் கதவைத் திறந்ததுபோல் ஜொலித்தது. அதைச் சாத்த ராபினுக்குக் கை வரவில்லை.

பேட் பிடிக்க யாரும் முன்வரவில்லை. மில் சூப்பர்வைசர் மோகன்ராஜ் பெயரைச் சொன்னார்கள். அவர் அப்போதே நைட் ஷிப்ட் என்று கிளம்பிவிட்டார். சின்ன வயதிலிருந்து ராபினுக்குக் கீப்பராக நின்ற பழவேற்காட்டு அஸ்கர் அலி மட்டும், இறால் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தவன், இரவல் கிளவுஸை மாட்டிக்கொண்டு ஸ்டம்ப்புக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளிப் போய் நின்றான்.

"இன்னும் பின்னால போ பாய், நெல்லூர் பஸ்ஸு வருது, ஏறிக்கோ!" என்று யாரோ கத்தினார்கள்.

மெதுவாகப் போடுவது என்றுதான் ராபின் முடிவு செய்தான். பிறகு, சும்மா உருட்டினேன் என்று சிரித்துச் சமாளித்துவிடலாம். அந்த நினைப்போடுதான் ஓடத் தொடங்கினான். நாலைந்து எட்டு போவதற்குள் கூட்டத்தின் சத்தம் காலுக்குள் இறங்கியது. காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஒருவேளை இன்றைக்கு வந்துவிட்டால்? அந்த ஒருவேளைதான் அவனைக் கெடுத்தது. இடது காலை ஓங்கி ஊன்றி, இடுப்பைத் திருகி, உடம்பில் இருந்ததையெல்லாம் பந்தோடு அனுப்பினான். மிச்சம் எதுவும் வைக்கவில்லை.

பந்து போவது தெரிந்தது. முன்பெல்லாம் கீப்பர் கையில் அது அறையும் சத்தம்தான் முதலில் வரும். இப்போது அது குத்துவதையும் எழும்புவதையும் சோர்ந்து இறங்குவதையும் ராபின் உட்கார்ந்து பார்ப்பதுபோல் பார்த்தான். இரண்டாவது முறை தரையைத் தொடுவதற்குள் அஸ்கர் அலி முன்னால் பாய்ந்து வாங்கினான். வாங்கிய வேகத்தில் கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு, "அல்லா! கை போச்சுடா! செத்தேன்டா டேய்!" என்று அலறிக்கொண்டு புல்லில் விழுந்தான்.

மைதானம் கொந்தளித்தது. ஜோசப் துள்ளினார். நிஜமாகவே விரல் வீங்கிய நாட்களில் அஸ்கர் அலி வாயைத் திறந்ததே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பந்துக்குக் குனிவான். அது ராபினுக்கு மட்டும்தான் தெரியும்.

"எவ்ளோ சார்? சொல்லுங்க சார்!" ஜோசப் மைக்கோடு ஏட்டிடம் ஓடினார்.

அரசப்பன் துப்பாக்கியின் பின்பக்கத் திரையில் வந்த எண்ணைப் பார்த்தார். இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி ராபினைப் பார்த்தார். மைக் அவர் வாய்க்கு நேரே நீண்டிருந்தது. அந்தப் பக்கம் அஸ்கர் அலி புல்லில் புரண்டபடி, வலிக்காத கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே இருந்தான்.