மெகிட்டபலின் மூன்று கைப்பிடி

மெகிட்டபல் விட்காம் 1768-ல் கண்ணை மூடியபோது, தன்னால் ஒரு ஓய்வுபெற்ற பிளம்பரின் நிம்மதி போகும் என்று நினைத்திருக்க மாட்டாள். நினைத்திருந்தால், தன் பீர் செய்முறைக் குறிப்பில், கசப்புக்குப் போடும் பூவை ‘ஹாப்ஸ் பூ மூன்று கைப்பிடி’ என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போயிருப்பாளா? யாருடைய கைப்பிடி என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பாள்.

அந்தப் பிளம்பர் மெர்ட்டனுடையது முப்பத்தைந்து வருடம் சாக்கடைக் குழாய்களோடு மல்லுக்கட்டிய கை. மண்வெட்டியோடு ஒப்பிட்டால் மண்வெட்டிக்குக் கோபம் வரும். அந்தக் கையால் மூன்று பிடி போட்டுக் காய்ச்சியதை ஒரு வாய் குடித்த அவர் மனைவி லொரேன், குவளையைத் தள்ளி வைத்தாள்.

“இதை ஊத்தி ஜன்னல் பெயின்ட்டை உரிச்சுடலாம், மெர்ட்டன்.”

அமெரிக்கச் சுதந்திரத்துக்கு முந்தைய பீர்களை அப்படியே காய்ச்சுவதாகச் சபதம் எடுத்த நாற்பது பேர் கொண்ட சங்கம் அந்த கனெக்டிகட் ஊரில் இருந்தது. குடிக்க முடியாததைக் காய்ச்சி, ‘அசல் ருசி’ என்று கைதட்டிக்கொள்வார்கள். மெர்ட்டன் அதில் தீவிரவாதி. ஊர்க் காட்சிசாலையில் மெகிட்டபலின் கையுறை ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. கண்ணாடிமேல் காகிதத்தை ஒட்டி, அரைமணி நேரம் குனிந்து வரைந்துகொண்டு வந்தார். உள்ளங்கை அகலம் மூன்று அங்குலம்.

லொரேன் கை பொருந்தவில்லை. கல்லூரி அணியில் பந்து வீசியவள். ஊரில் அப்படி ஒரு பொடிக் கை ஒருவருக்குத்தான் இருந்தது. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஆரினுக்கு.

அங்கேதான் சிக்கல். இருபது வருடம் ஒரே அடுப்பில் காய்ச்சிய ஆரினோடு மெர்ட்டன் பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. போன அக்டோபரில், பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் காற்றிலிருந்து தானாக வந்து விழும் என்று மெர்ட்டன் ஐந்து நாள் காத்திருந்தார். ஈ மட்டும் வந்தது. ஆரின் பரிதாபப்பட்டு, மெர்ட்டனுக்குத் தெரியாமல் கடை ஈஸ்ட்டைத் தூவிவிட்டார். அந்த பீருக்குச் சங்கப் போட்டியில் முதல் பரிசு. மேடையில் ஆரின் உண்மையைச் சொல்ல, மெர்ட்டன் நாற்பது பேர் முன்னால் “துரோகி!” என்று கத்திப் பரிசைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து தன் கொள்கையோடு தனியாகக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கொள்கைக்கு அண்டாவின் மறுபக்கத்தைப் பிடிக்கத் தெரியவில்லை. சிரிக்கவும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை கையுறைப் படத்தோடு ஆரின் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தக் கை வராவிட்டால், ஆரினைத் தேடிப் போக இனி எந்தச் சாக்கும் மிச்சமில்லை.

“கையைக் காட்டு” என்றார் மெர்ட்டன், வணக்கம்கூடச் சொல்லாமல்.

“ஜோசியம் பாக்கப் போறியா?”

மெர்ட்டன் விளக்கினார். ஆரின் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரு சின்னக் கையுறைல பூவ ரொப்பி எடை போட்டா முடிஞ்சுபோச்சு. வீட்ல தராசு இல்ல?”

“அந்தக் காலத்துல டிஜிட்டல் தராசு ஏதுடா?”

“அந்தக் காலத்துல காரு இருந்துச்சோ? வாசல்ல நிக்குதே?”

மெர்ட்டன் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஆரின் அந்தப் பெரிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மெர்ட்டன் வீட்டு நிலவறையில் அண்டா கொதித்தது. தவிடும் கருப்பஞ்சாற்றுப் பாகும் மணந்தன. ஆரின் முதல் பிடியைப் போட்டார். இரண்டாவதையும் போட்டார். மூன்றாவதை அண்டாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

“போடு!”

“நீ முதல்ல சொல்லு.”

“என்னத்த?”

“தெரியாத மாதிரி நடிக்காதடா. கை சுடுது.”

நுரை விளிம்பை நோக்கி ஏறியது. மெர்ட்டன் அடுப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், உதவிக்கு யாரும் இல்லை.

“கத்தியிருக்கக் கூடாது.”

“யார் முன்னாடி?”

“நாப்பது பேர் முன்னாடி. போதுமா?”

“அப்புறம்?”

“அப்புறம் என்னடா அப்புறம்! அந்த பீர் நல்லா இருந்துச்சு. நாம காய்ச்சினதுலயே அதுதான். நீ வராம இங்க... பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்ல.”

ஆரினின் விரல்கள் விரிந்தன. பூ விழுந்தது. அண்டா பொங்கியது, அடுப்பை அணைத்து, மெர்ட்டனின் செருப்பை நனைத்து, தரையெல்லாம் ஓடியது.

“என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?” மேலிருந்து லொரேன்.

ரெண்டு பேரும். மெர்ட்டன் அதைக் கேட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது; நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு துணியை எடுத்தார்.

“மெகிட்டபல் பெரிய அண்டா வெச்சிருப்பா” என்றார் ஆரின், முழங்காலிட்டு உட்கார்ந்து துணியைப் பிழிந்தபடி.

“கையே இத்தனூண்டு, அவளுக்கெதுக்கு பெரிய அண்டா?” என்றார் மெர்ட்டன், பக்கத்தில் உட்கார்ந்து.

தரை காய்ந்த பிறகும் அந்த வாக்குவாதம் ஓயவில்லை.