குளித்தும் நனையாத வீடு

அந்த வீட்டுக் குளியலறையில் யார் குளித்தாலும் நனையாமல்தான் வெளியே வந்தார்கள். ஷவர் என்னவோ நன்றாகத்தான் கொட்டியது. ஆனால் தண்ணீர் தலையைத் தொடும் முன்பே வளைந்து, மூன்று பக்கமும் அடித்திருந்த மரப்பலகையின் இடுக்குக்குள் போய்ச் சேர்ந்தது. தரையில் சொட்டு ஈரம் இல்லை. நம்பாதவர்கள் துண்டோடு வந்து, துண்டின் மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பிப் போனார்கள்.

வீட்டுக்காரிக்கு மாவு மில்லில் வேலை. தெருவில் அவளுக்கு வெள்ளைத்தலை என்று பெயர். கல்யாணமான நாளிலிருந்து பொதுக் குழாயடி வரிசையில் நின்று, பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்புக்கு நடுவே இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடியவள். யாரும் அவசரப்படுத்தாமல் ஆசை தீர ஒரு குளியல், அவள் கேட்டது அவ்வளவுதான். மரச்சுவர்தான் வேண்டும் என்று அடம் பிடித்ததும் அவளே. பஸ் மெக்கானிக்கான புருஷன் லீவு போட்டு, தானே பலகை அறுத்து, ஸ்க்ரூ முடுக்கி, வார்னிஷ் மேல் வார்னிஷாகப் பூசினான். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நாத்தனார் வந்து பார்த்து, சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக்கோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான். பூச்சில் ஒரு கீறல் இருந்தால் காட்டச் சொன்னான். வெயில் போய் மழை வந்தது, மழை போய் வெயில் வந்தது. பலகை குடித்துக்கொண்டே இருந்தது, துளிகூட உப்பவில்லை. அவள் பழையபடி சொம்பைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வெட்கத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது.

ஒருநாள் காலையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டான், வழக்கம்போல முன்பக்கம் மட்டும். முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவன் கட்சி. பார்த்துக்கொண்டிருந்தவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"பலகைக்குப் பின்பக்கம் பூசினீங்களா?"

"சுவரோட ஒட்டியிருக்கிற பக்கத்துக்கு எதுக்கு?"

"அறுத்த முனைக்கு?"

அறுத்த முனைதான் மரத்துக்கு வாய் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்க்ரூ டிரைவரோடு ஓடினான். மில் சங்கு ஊதியது காதில் விழாமல் அவளும் பின்னாலேயே ஓடினாள். முதல் பலகை கழன்றதுதான் தாமதம், அதுவரை குடித்ததெல்லாம் வெதுவெதுப்பாகக் கொட்ட ஆரம்பித்தது, வந்தவர் போனவர் குளியலும் சேர்த்து. மெக்கானிக் பதறிப்போய்ப் பலகையை வைத்து அடைக்கப் பார்த்தான்.

"கையை எடுங்க. அது என் தண்ணி."

அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் உள்ளே போனவள் சாயங்காலம்தான் வந்தாள், அதுவரை உள்ளே அவள் பாட்டு ஓயவே இல்லை. தலைமுடி கன்னங்கரேலென்று இருந்தது. அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை, அத்தனையும் மாவு என்பது தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது. புருஷனுக்கும் அன்றுதான் தெரிந்தது.

பிறகு பலகைகளுக்கு முன்னும் பின்னும், முனையிலும், ஸ்க்ரூ துளையிலும் பூசி மாட்டினார்கள். இப்போது எல்லாரும் ஒழுங்காக நனைகிறார்கள். ஒரே ஒரு பலகையை மட்டும் அவள் பூச விடவில்லை. அது ஓரமாகத் தன் பங்கைக் குடித்துக்கொண்டிருக்கிறது. வருஷத்தில் ஒருநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, அவளே அதைக் கழற்றுவாள். அன்றைக்கு அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை.